ஆடு நக்கிய வீடு

"ஆடு நம்ம வீட்ட நக்கித் தின்னுட்டுப் போவுதே, அதுக்கு ஆடு நமக்கு நன்றி சொல்லணுமா, நாம ஆட்டுக்குச் சொல்லணுமா?"

பொன்னியின் மூத்த மகள் பூவிழி ஒரு சாயங்காலம் என்னை வழியில் நிறுத்தி இப்படிக் கேட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. "போய் உங்க அம்மாவக் கேளு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவள் அம்மாவைக் கேட்டாளா ஆட்டையே கேட்டாளா, தெரியாது. ஆனால் அடுத்த பொங்கல் முடிந்த கையோடு அந்த வீட்டிலேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. அது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

பொன்னிக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற வீட்டுப் பெண். வயலில் வேலை இல்லாத கோடையில் வேன் ஏறி மரக்காணம் உப்பளத்துக்குக் கூலிக்கு வந்தாள். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த மரியதாஸைப் பார்த்தாள். "உப்பு மேல வெயில் பட்டுக் கண்ணு கூசிடுச்சி. யாரப் பாக்கறோம்னு தெரியாம பாத்துட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வாள். கல்யாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அவன் பக்கத்திலிருந்து அவனுடைய அக்கா ஆரோக்கியசெல்வி மட்டும் வந்தாள். வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரியாணியை வாயில் போட்டுப் பார்த்து, "உப்பு பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனாள். உப்பளத்துக் கல்யாணத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

பிள்ளைகள் மூன்று. பெயர் வைக்கும்போது கர்த்தரும் வேண்டாம், மாரியாத்தாளும் வேண்டாம், சண்டையே வேண்டாம் என்று பூவிழி, செந்தமிழ், அருள்மொழி என்று வைத்துவிட்டார்கள். செந்தமிழ் ஒன்றாம் வகுப்பு. பையன் என்று சொன்னால்தான் தெரியும், அத்தனை முடி. அருள்மொழி கைக்குழந்தையும் இல்லை, கால் முளைத்தவனும் இல்லை; எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் இடுப்பில் இருப்பான்.

முதலில் மரக்காணத்தில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். முதல் வீட்டுக்காரருக்குப் பிள்ளைகள் கத்துவது பிடிக்கவில்லை. இரண்டாவது வீட்டுக்காரர், பிள்ளைகள் கத்தவே இல்லையே என்று சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தால், செந்தமிழ் அவருடைய ஸ்கூட்டர் சீட்டைப் பிய்த்துப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வீட்டுக்காரர் சுவரில் மாதா படத்தைப் பார்த்தார், பேசாமல் இருந்தார். பக்கத்திலேயே மாரியாத்தா படத்தையும் பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பானை சட்டியோடு ரோட்டோரம் நின்ற அன்றைக்குத்தான் பொன்னி அந்த வேண்டுதலை வைத்தாள். ஒரு கையில் மாதா, ஒரு கையில் மாரியாத்தா. இரண்டு படத்தையும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, இப்படிச் சொன்னாள்:

"எம் பிள்ளைங்க தொண்ட கிழியக் கத்தறதுக்கு எங்களுக்குன்னு ஒரு வீடு குடுங்க. தெனம் ஒரு நன்றி சொல்றேன். நீங்க ஒண்ணுமே செய்யாத நாள்லகூட தேடிப் புடிச்சி சொல்றேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன். ஆமா."

அடுத்த வருடம் அனுமந்தை போகிற வழியில், உப்பளத்தை ஒட்டி ஒரு துண்டு மனை கிடைத்தது. "மனு குடுத்து மனு குடுத்துக் கால் தேஞ்சது எனக்கு. நன்றி அவங்களுக்கா?" என்று மரியதாஸ் கேட்டான். "தேயறதுக்குக் கால் குடுத்தது யாரு?" என்று பொன்னி கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஹாலோ பிளாக்கில் சுவர் எழுப்பி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டார்கள். ஒரு அறை, ஒரு கூடம். அதோடு கை காலியாகிவிட்டது. சுவருக்குப் பூச்சு இல்லை, கீழே தரை இல்லை. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மரியதாஸுக்குக் காலில் தொழில் இருந்தது.

பொங்கல் முடிந்து உப்பளம் தொடங்கும்போது முதல் வேலை பாத்தி மிதிப்பது. மழையில் ஊறிக் குழைந்து கிடக்கும் களிமண்ணை வரிசையாக நின்று குதிகாலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு சேறும் வந்துவிடும். மிதிப்பதில் மரியதாஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"சிமெண்ட் எதுக்கு? பாத்தி மாதிரியே தரை போட்டுத் தர்றேன் பாரு. கடப்பாரை போட்டாலும் எறங்காது."

சாணி மெழுகிய தரையில் வளர்ந்த பொன்னிக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. "அது உப்பு மண்ணாச்சேங்க?"

"உப்பு ஒடம்புக்கு நல்லது" என்றான் மரியதாஸ்.

வாய்க்கால் தூர்வாரிக் கரையில் கொட்டியிருந்த களிமண்ணைக் கேட்டு வாங்கி வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார்கள். போனில் பாட்டைப் போட்டுவிட்டுக் குடும்பமே மிதித்தது. பூவிழி தாளத்துக்கு மிதித்தாள். செந்தமிழ் விழுந்து விழுந்து மிதித்தான். அருள்மொழி அம்மா இடுப்பில் இருந்தபடியே காலை உதைத்து மிதித்தான். மீந்த மண்ணை உள்ளேயும் வெளியேயும் சுவருக்குப் பூசினார்கள். தரை காய்ந்து முகம் பார்க்கிற மாதிரி வந்தது. மரியதாஸோடு வேலை செய்யும் பச்சமுத்து பார்க்க வந்தவன், அப்படியே படுத்துத் தூங்கிவிட்டு எழுந்து, "இது தரை இல்லடா, ஏசி" என்றான். உப்பளமே வந்து பார்த்துப் பாராட்டியது. உப்பள மண்ணில் உப்பு இருக்கும் என்று உப்பளத்துக்காரர் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குடிபோன நாளிலிருந்து பொன்னி வேண்டுதலைத் தொடங்கிவிட்டாள். மாதாவும் மாரியாத்தாளும் ஒரே பலகையில், ஒரே விளக்கில். "எண்ணெய் விக்கற விலைக்கு ரெண்டு பேரும் ஷேர் பண்ணிக்கட்டும்." சாயங்காலம் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். நேற்று சொன்னதை இன்று சொல்லக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. மற்றபடி எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

"டீச்சருக்கு ஜுரம். நன்றி" என்பான் செந்தமிழ்.

"டேய், அது பாவம்டா."

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"இன்னைக்கு மேஸ்திரி என்னத் திட்டல. பச்சமுத்துவத் திட்டினான். ரெண்டுக்கும் நன்றி" என்பான் மரியதாஸ்.

சித்திரை வெயிலில் சுவரெல்லாம் மெல்லிசாக வெள்ளை பூத்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. "வெள்ள அடிக்க வழியில்லன்னு பொலம்பினேன். அவங்களே அடிச்சிக் குடுத்துட்டாங்க. நன்றி" என்றாள் பொன்னி. அதற்குப் பிறகு ஒரு காலையில் வெளியே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு வெள்ளாடு கண்ணை மூடிக்கொண்டு சுவரை நக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அது சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆடுகள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளுடையவை. ஆடி மாதத்துக்குள் வீட்டைச் சுற்றி ஆட்டு நாக்கு எட்டுகிற உயரத்துக்கு மண் பூச்சு முழுக்கப் போய், உள்ளே இருந்த ஹாலோ பிளாக் பல்லை இளித்தது. உள்பக்கத்தை அருள்மொழி பார்த்துக்கொண்டான். கஞ்சிக்கு ஊறுகாய் கேட்க மாட்டான். தவழ்ந்துபோய்ச் சுவரை ஒரு நக்கு நக்கிவிட்டு வந்து வாயைத் திறப்பான்.

"எக்கா, உன் ஆடு என் வீட்டத் தின்னுது" என்று பொன்னி சண்டைக்குப் போனாள்.

"ஏம்மே, உன் வீட்டத் தின்னுட்டு வந்து என் தண்ணியெல்லாம் குடிக்குது. நான் யார்கிட்ட போயி சொல்றது?" என்றாள் குப்பம்மாள்.

பூவிழி என்னை நிறுத்திக் கேள்வி கேட்டது இந்த நாட்களில்தான்.

ஐப்பசி வந்தது. மழை இறங்கியதும் உப்பள வேலை நின்றது. மரியதாஸ் பெருமையாகப் போட்ட தரை முதலில் வேர்த்தது. அப்புறம் அழுதது. கூரையில் ஒரு ஓட்டை கிடையாது. ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் அந்த உப்புத் தரை உறிஞ்சி எடுத்துக் கூடத்தில் நிறுத்தியது. பாய் நனைந்தது. அரிசி மூட்டையின் அடி நனைந்தது. பூவிழியின் புத்தகத்தில் திருவள்ளுவர் எதிர்ப் பக்கத்துத் தவளையோடு ஒட்டிக்கொண்டார். அருள்மொழிக்கு இருமல் பிடித்தது. சின்ன நெஞ்சுக்குள் பெரிய ஆள் ஒருவன் உட்கார்ந்து இருமுவதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியசெல்வி வந்தாள்.

அம்மா இல்லாத வீட்டில் மரியதாஸைத் தூக்கி வளர்த்தவள் அவள். தனக்கென்று கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையல் செய்கிறாள். அவள் சொல்லை மரியதாஸ் தட்டியது கிடையாது. தட்டலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. வந்தவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காபி குடித்து, பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்து, எழுந்தாள். பின்னால் சேலையில் பெரிய வட்டமாக ஈரம்.

"அத்த ஒண்ணுக்குப் போயிட்டாங்க!" என்று கத்தினான் செந்தமிழ்.

ஆரோக்கியசெல்வி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். "ஏண்டா மரியா, சின்னவன் இங்க பேஞ்சி வெச்சிருந்தானா?"

"இல்லக்கா." மரியதாஸ் தலையைச் சொறிந்தான். "தரை."

"தரை பேயுதா?"

அப்போது அருள்மொழி இருமினான். ஆரோக்கியசெல்வியின் முகம் மாறிவிட்டது. அவனைத் தூக்கி முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"பெரியவங்க ரெண்டு பேருக்கும் ஹாஸ்டல்ல எடம் கேட்டு வாங்கறேன். டைல்ஸ் தரை. கட்டில் இருக்குது, சுடுபால் இருக்குது. சின்னவன என் ரூம்ல வெச்சிக்கறேன், மதர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"கத்தறதுக்குன்னு கேட்டு வாங்கின வீடு அண்ணி இது. பிள்ளைங்க இல்லாம இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள் பொன்னி.

"கத்தட்டும். வேணாங்கல. இருமக் கூடாது."

பொன்னி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தரை அழுதுகொண்டிருந்தது.

கிளம்பும்போது ஆரோக்கியசெல்வி வாசலில் நின்று சொன்னாள்: "நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. வர்ற ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வர்றேன். இதே கூடத்துல ஒக்காருவேன். எழுந்திருக்கும்போது சேலை காஞ்சிருந்தா பிள்ளைங்க உன்கிட்ட. ஈரமா இருந்தா என்கிட்ட. இது சத்தியம்."

அன்று சாயங்காலம் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டார்கள். பிஸ்கட்டுக்கு ஒன்று, அத்தை போய்விட்டதற்கு ஒன்று. பொன்னியின் முறை வந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் வரல."

"தேடிப் புடிச்சாவது சொல்லுவேன்னு சொன்ன?" என்றாள் பூவிழி.

"தேடிப் பாத்துட்டேன்டி. சாப்புடுங்க."

மறுநாளிலிருந்து மரியதாஸ் தரையோடு சண்டைக்கு இறங்கினான். அடுப்புச் சாம்பலைத் தூவினான், கூழாகியது. உமியைக் கொட்டினான், ஊறி வீங்கியது. சுண்ணாம்பு போட்டான், பிள்ளைகளின் காலெல்லாம் எரிந்தது. பச்சமுத்து யோசித்து யோசித்து, "உப்பு ஈரத்த இழுக்கும்டா" என்று உப்பளத்திலிருந்து காய்ந்த உப்பாக இரண்டு மூட்டை கொண்டுவந்து கொட்டினான். அவன் சொன்னது சரிதான். அது ஊரில் இருந்த ஈரத்தையெல்லாம் இழுத்து இந்த வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

பொன்னி பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் பொம்பளைங்கதான? ரெண்டு பேரும் அம்மாதான? ஒரு வீட்டக் குடுத்துட்டு அதுலருந்து பிள்ளைங்கள எடுத்துக்கறது எந்த ஊரு நியாயம்? நான் குடுத்த வாக்க ஒடைக்கல, நீங்க ஒடைக்க வைக்கறீங்க." ஷீட்டிலிருந்து சொட்டிய வேர்வைத் துளி ஒன்று விளக்கில் விழுந்தது. விளக்கு அணைந்தது. "சரி, பேச வேணாம்னா போங்க" என்று அவளும் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காற்றும் மழையுமாகச் சுழற்றி அடித்தது. பொழுது சாயும் நேரம் கதவை யாரோ முட்டினார்கள். திறந்தால் குப்பம்மாள், தலையில் கோணி, பின்னால் மந்தை முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டு.

"கொட்டாய் சாஞ்சிட்டுது பொன்னி. கெடாவெல்லாம் போனாப் போவட்டும். ரெண்டு ஆடு சினையா இருக்குது. ஒன் வீட்டத் தின்னதுக்கு நீ என்ன எப்பிடி வேணா திட்டு. நாளைக்குத் திட்டு."

பொன்னி ஆடுகளைப் பார்த்தாள். தன் வீட்டை அங்குலம் அங்குலமாகத் தின்ற வாய்கள் அத்தனையும் வரிசையாக நின்று அவளைப் பார்த்தன. அவளுக்கு நன்றி சொல்ல ஒன்றுமே இல்லாத வாரம் அது. 'சரி, நமக்குத்தான் இல்லை. இவளுக்காவது ஒன்று இருக்கட்டும்' என்று தோன்றியது.

"செவுத்த வெளிய நின்னு நக்கினது போதாதா? உள்ள வந்து நக்கட்டும், வா" என்றாள்.

"அம்மா ஜெயிச்சிட்டாங்க!" என்று எதற்கென்றே தெரியாமல் கத்தினான் செந்தமிழ்.

கூடத்தில் கால் வைத்ததும் குப்பம்மாள் முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, ஈரம்? ஆட்டுக்குக் கால் கொளம்பு அழுகிடும்." மனுஷப் பிள்ளைகளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போனாள். சாய்ந்த கொட்டகைப் பரணில் நனையாமல் கிடந்த சவுக்குச் சருகையும், காய வைத்துக் கட்டியிருந்த ஆட்டுப் புழுக்கை மூட்டைகளையும் மருமகனோடு தூக்கி வந்து கூடம் முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினாள். ஆடுகள் இடம் பார்த்துப் படுத்துக்கொண்டன. பொன்னி குடும்பம் உள் அறையில் ஒரே கட்டிலில் கால் மேல் கால் போட்டுக் கிடந்தது.

காலையில் பொன்னி கண் விழித்தபோது கட்டிலில் புருஷன் மட்டும்தான் இருந்தான். பதறிப்போய்க் கூடத்துக்கு ஓடினாள். பிள்ளைகள் மூன்று பேரும் ஆடுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தார்கள். பூவிழி ஒரு சினையாட்டின் வயிற்றில் தலை வைத்திருந்தாள். அருள்மொழி வாயைத் திறந்து தூங்கினான். இருமலே இல்லை. பொன்னி குனிந்து அவன் சட்டையைத் தொட்டாள். காய்ந்து சூடாக இருந்தது. பாவாடையைத் தொட்டாள், கால்சட்டையைத் தொட்டாள். எல்லாம் காய்ந்திருந்தது. கடைசியில் தானே அந்தச் சருகின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பாட்டு நேரம் பொறுத்து எழுந்து, பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க! எழுந்து வாங்க! அண்ணிய ஒக்கார வெக்க எடம் கெடச்சிடுச்சி!"

மரியதாஸ் வந்து பார்த்தான். மூக்கைப் பொத்தினான். "அக்கா மோப்பம் புடிச்சிடுவா."

"சாம்பிராணி போடறேன். கோயில்லயும் போடறாங்க, சர்ச்சிலயும் போடறாங்க. யாரும் தப்பு சொல்ல முடியாது."

ஞாயிற்றுக்கிழமை ஆடுகளைக் குப்பம்மாளோடு வெளியே அனுப்பிவிட்டு, சருகையும் புழுக்கையையும் தட்டிச் சமன்செய்து, மேலே கோணி, அதற்கு மேலே கல்யாணப் பாயை விரித்தாள். வீட்டுக்குள் கை நீட்டினால் கை தெரியாத அளவுக்குச் சாம்பிராணி போட்டாள்.

ஆரோக்கியசெல்வி இரண்டு புதுத் தகரப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒன்றில் பூவிழி என்றும் ஒன்றில் செந்தமிழ் என்றும் பெயின்ட்டில் எழுதியிருந்தது. நாத்தனார் குரல் வேறு கட்டிப்போய் இருந்தது. கோபம் என்று பொன்னி நினைத்துக்கொண்டாள்.

"என்ன, புகை?"

"பூசை அண்ணி."

"எந்தப் பூசை?"

"ரெண்டு பேருக்கும் பொதுவா."

ஆரோக்கியசெல்வி பாயில் உட்கார்ந்தாள். பாய் கொஞ்சம் உள்ளே அமிழ்ந்தது. "என்னடா, மெத்தையா?" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு சினையாடு தன் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து, தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பெருந்தன்மையாக அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"இது யாரு?"

"பக்கத்து வீட்டு ஆடு அண்ணி. மழைக்கு ஒதுங்குது."

ஆரோக்கியசெல்வி காபி குடித்தாள். மெதுவாகக் குடித்தாள். பிஸ்கட்டை நனைத்து நனைத்துத் தின்றாள். எழுந்தாள். குடும்பமே அவளுக்குப் பின்னால் போய் நின்றது. அவளே தொட்டுப் பார்த்தாள். இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சிருக்கு" என்றாள். மரியதாஸ் வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் வெட்கப்பட்டு ஆட்டைக் கட்டிக்கொண்டான்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ஆரோக்கியசெல்வி, "பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. தெனம் என்னமோ நன்றி சொல்றீங்களாமே, சொல்லுங்க கேக்கறேன்" என்று மறுபடியும் உட்கார்ந்தாள்.

செந்தமிழ் முந்திக்கொண்டான். "பெட்டி புதுசா இருக்குது. நன்றி. பெட்டி மட்டும் போதும், நான் வரல."

அடுத்தது பூவிழி. அவள் அம்மாவைப் பார்த்தாள். பொன்னிக்குப் புரிந்துவிட்டது. தான் லேசாகக் கண்ணைக் காட்டினால் போதும். பிள்ளை பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடும், பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். கண்ணைக் காட்டவும் போனாள். பலகையில் இருந்த இரண்டு பேரும் புகைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ரோட்டோரத்தில் எத்தனை பஸ் பார்க்கக் கொடுத்த வாக்கு! வீட்டைக் காப்பாற்றப் பொய் சொன்னால், நாளைக்குச் சாயங்காலம் இந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து எந்த நன்றியைச் சொல்வது?

"உண்மையச் சொல்லுடி" என்றாள்.

"ஆட்டுப் புழுக்கைக்கு நன்றி" என்றாள் பூவிழி. "அத்த அதுமேல ஒக்காந்ததாலதான் சேலை காஞ்சிருக்கு."

ஆரோக்கியசெல்வி பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கோணியைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்தில் ஆடு அசைபோட்டது.

"என்ன ஆட்டுச் சாணி மேல ஒக்கார வெச்சியா?"

இனி இழக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் பொன்னிக்குப் பயமும் போய்விட்டது. "ஆமா அண்ணி. எம் பிள்ளைங்களும் ரெண்டு நாளா அதுமேலதான் தூங்குதுங்க. சின்னவன் இருமல, நீங்களே கேளுங்க. மாசம் பொறந்தா நீங்க ஹாஸ்டல்ல கிறிஸ்மஸ் குடில் கட்டுவீங்கல்ல? அதுல ஆட்டு பொம்ம வெப்பீங்கல்ல? உங்க சாமி பொறந்தது டைல்ஸ் தரையிலயா? அந்த அம்மாகிட்ட எந்த நாத்தனாரும் வந்து சேலைய தொட்டுப் பாக்கல."

மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆரோக்கியசெல்வி அருள்மொழியை மடியில் இழுத்து முதுகில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"காஞ்சிருந்தா உன்கிட்டன்னு சொன்னேன். எதனால காஞ்சிதுன்னு நான் கேக்கல. சத்தியம் சத்தியம்தான்." தம்பி பக்கம் திரும்பினாள். "ஆனா பொங்கல் முடிஞ்சதும் இந்தத் தரைய நோண்டிப் போட்டுடணும். கேட்டியாடா மரியா? மிதிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது."

"சரிக்கா."

"அத்த, நீங்க இன்னும் சொல்லல" என்றாள் பூவிழி.

"நான் ஹாஸ்டல்ல தெனம் மூணு வேளை ஜெபம் சொல்றேன்."

"அது மனப்பாடம். இது புதுசா சொல்லணும். பொய் சொல்லக் கூடாது."

ஆரோக்கியசெல்வி யோசித்தாள். பாயைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"எனக்கு நேத்துலருந்து ஜலதோசம். மூக்கு அடைச்சிருக்கு. ஒரு வாசனையும் தெரியல. அதுக்கு நன்றி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்புச் சத்தத்துக்கு, வாடகை வீடாக இருந்தால் அன்றைக்கே காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். பொன்னி சிரித்துக்கொண்டே அழுதாள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து அன்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்: மழைக்கு, சாய்ந்த கொட்டகைக்கு, குப்பம்மாளுக்கு, ஆட்டுக்கு, நாத்தனார் மூக்குக்கு.

பொங்கல் முடிந்ததும் தரையைத் தோண்டினார்கள். மரியதாஸ் சொன்னது உண்மைதான், கடப்பாரை லேசில் இறங்கவில்லை. களிமண் வந்த வழியே உப்பளத்துக்குப் போனது. கிராவல் கொட்டி, செம்மண் போட்டு, பொன்னி தன் ஊர் முறையில் சாணி போட்டு மெழுகினாள். தகரப் பெட்டிகளை ஆரோக்கியசெல்வி திருப்பி எடுத்துப்போகவில்லை. ஒன்றில் இப்போது அரிசி நனையாமல் இருக்கிறது. இன்னொன்றில், குப்பம்மாள் கொடுத்த குட்டி தூங்குகிறது. மூடியில் செந்தமிழ் என்றே எழுதியிருப்பதால் அதற்கும் அதுதான் பெயர். இரண்டு செந்தமிழுக்கும் இதில் வருத்தம் இல்லை.

சுவரில் மிச்சம் இருந்த உப்பு மண்ணையும் சுரண்டி எறிய மரியதாஸ் போனபோது பூவிழி குறுக்கே நின்றாள். பின்சுவரில் ஒரு பாய் அளவுக்கு விட்டுவைக்கச் சொன்னாள். இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு முறை உப்பளத்திலிருந்து ஒரு சட்டி களிமண் எடுத்துவந்து, அங்கே அவளே பூசுகிறாள். சாயங்காலம் ஆடுகள் வரிசையில் வந்து நிற்கின்றன.

"வாயால நன்றி சொன்னா ஆட்டுக்குப் புரியாது. இது புரியும்" என்று போன வாரம் என்னிடம் சொன்னாள். அவளுடைய கேள்விக்கு அவளே சொன்ன பதில் இது. எனக்கு இதைவிட நல்லதாக ஒன்று தெரியவில்லை.

இந்தக் கதை இப்போது எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாக உலவுகிறது. மாதா ஒரே ராத்திரியில் தரையைக் காய வைத்தாள் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இல்லை, மாரியாத்தா என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டு கூட்டத்தாரும் புழுக்கையை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு, பிள்ளைகளோடு வாடகை வீட்டில் திட்டு வாங்குகிறவர்களுக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். பொன்னி வீட்டுச் சட்டம்தான்: பொய் சேர்க்கக் கூடாது. புழுக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.